பதினோரு பேர் வந்தார்கள் என்று எழுதினேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பியும் பேப்பருமாக உட்கார்ந்தேன். வாசலில் சைக்கிள் மணி.

எங்கள் தெரு முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர். ரிடையரான தலைமை ஆசிரியர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பொதுக் காரியம் ஞாபகம் வரும்.

"நம்ம பார்க்கைப் பத்தி உங்க பத்திரிகைப் பத்தியில நாலு வரி எழுதணும் சார்," என்றார்.

திருவள்ளூரில் எங்கள் பகுதியில் சின்னதாக ஒரு பூங்கா உண்டு. ஐந்தாறு சிமெண்டு பெஞ்சு, ஒரு சறுக்குமரம், சாயங்காலமானால் ஒலிபெருக்கியில் வானொலி. எல்லாம் பொதுச் செலவு.

"தாராளமா எழுதலாம். என்ன எழுத?"

"அது வேண்டாம்னு எழுதணும். ஒரு வாரம் நானே நின்னு எண்ணிப் பாத்துட்டேன். வர்றதே பத்துப் பதினஞ்சு பேரு. அதுல பாதிப் பேர் தூங்கறாங்க. இதுக்கு ஒரு வாட்ச்மேன், ஒரு தோட்டக்காரர், கரண்டு... அந்த இடத்துல கடை கட்டி விட்டா தெருவுக்குச் சாக்கடை போடலாமே."

சொல்லிவிட்டு ஒரு நோட்டை நீட்டினார். கிழமை வாரியாகக் கட்டம் போட்டு, காலை, மாலை என்று பிரித்து, மணி மணியான கையெழுத்தில் எண்ணிக்கை.

நான் அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். மூடினேன். "மன்னிக்கணும் சார், இதை நான் எழுத முடியாது," என்றேன்.

அவருக்கு வருத்தம். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். "நீங்களும் கவர்மெண்டு ஆபீசுல இருந்தவர். புரியும்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

புரியாமல் என்ன? அந்த மாதிரி ஒரு நோட்டை நானே எழுதியிருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன் – முகம் பார்க்காமல் சொல்வது கொஞ்சம் சுலபம்.

பத்து வருடம் ஆகிறது. அறுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நான் விரிவாக்க அலுவலர், சமூகக் கல்வி. பெயர்தான் நீளம். முதியோர் வகுப்பு, மாதர் சங்கம், ஊர் வானொலி, மனமகிழ் மன்றம் – இப்படி ஒன்றியத்தின் உதவியில் நடப்பதையெல்லாம் சைக்கிளிலும் பஸ்ஸிலுமாகப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். எழுதிய ரிப்போர்ட்டை யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் நிம்மதியாக எழுதுவேன்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை மட்டும் படித்தார்கள்.

ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ரயில்வே கேட்டை ஒட்டி ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. ஓடு வேய்ந்த ஒரே கூடம், முன்னால் சின்ன வராந்தா. உள்ளே ஒரு வானொலிப் பெட்டி, இரண்டு காரம் போர்டு, இரண்டு நீள பெஞ்சு, தினம் இரண்டு பேப்பர். வெளியே பூப்பந்து ஆட ஒரு மைதானம் – மைதானம் என்றால் முள் பிடுங்கிய இடம், அவ்வளவுதான். மன்றத்துக்குக் கிழக்கே ஊர். மேற்கே, வயலைத் தாண்டி, காலனி.

ஊர், காலனி என்றால் உங்களுக்குத் தெரியும். ஊர்க்காரர்களுக்கு நிலம். காலனிக்காரர்கள் அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழைத்தவர்கள். ஊர்த் தெருவில் அவர்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாது. டீக்கடையில் அவர்களுக்குத் தனிக் கிளாஸ். சட்டப்படி இதெல்லாம் குற்றம். ஆனால் டீக்கடையில் சட்டப் புத்தகத்தை யார் வைத்திருந்தார்கள்?

அந்த ஊரிலிருந்து ஒன்றியத்துக்கு உறுப்பினராக வந்தவர் கோதண்டம். நிறைய நிலம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, குரலை உயர்த்தாமல் பேசுவார். ஒரு கூட்டத்தில் எழுந்தார்.

"வருசா வருசம் மன்றத்துக்கு கிராண்டு குடுத்துக்கினே கீறீங்க. இன்னா பிரயோஜனம்? பத்துப் பேரு குந்திக்கினு காரம் சுண்டறான். அதுக்கு யூனியன் செலவு பண்ணணுமா? அங்கியே இஸ்கோலு கூரை ஒழுவுது. மழ வந்தா பசங்க ஸ்லேட்ட தலைல கவுத்துக்கினு குந்தியிருக்குது. மொதல்ல அத்த பாருங்க."

நியாயமான பேச்சு. இன்றைக்கு யோசித்தாலும் நியாயமாகத்தான் படுகிறது. பள்ளிக்கூடமா, காரம் போர்டா என்று கேட்டால் யார் காரம் போர்டு என்று சொல்வார்கள்?

மன்றத்தால் பயன் உண்டா என்று விசாரித்து அறிக்கை வாங்குவது என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த நாள் எங்கள் மேலதிகாரி பி.டி.ஓ. என்னைக் கூப்பிட்டார். ரிடையராக ஒரு வருடம் பாக்கி இருந்த மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார்.

"போய்ப் பாத்துட்டு வாப்பா. ரெண்டு பக்கம் போதும்," என்று ஓர் அச்சடித்த படிவத்தைக் கொடுத்தார்.

கட்டடத்தின் நிலை. பொருள்களின் பட்டியல். அங்கத்தினர் எண்ணிக்கை. தினசரி வருகை. கடைசியாக ஒரு கட்டம் – இதர விவரங்கள்.

முதல் தடவை சாயங்காலம் போனேன்.

மன்றத்தைப் பார்த்துக்கொண்டவர் இருதயராஜ். காலனிக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா கோதண்டத்தின் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இவர் அதை விட்டுவிட்டுத் திருவொற்றியூர் பக்கம் ஓர் இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ரயிலில் போய் ரயிலில் வருவார். ஷிப்டு முடிந்து வந்ததும் மன்றத்தைத் திறந்து விளக்குப் போடுவார். பகலில் அவருடைய மனைவி அன்னம்மா திறந்து பெருக்கி வைப்பார்.

நான் போனபோது காரம் ஆட்டம் மும்முரம். இருதயராஜுக்கு எதிரே அவருடைய ஜோடியாக உட்கார்ந்திருந்தவன் சம்பந்தம் – கோதண்டத்தின் தங்கை மகன், அதே ஆலையில் அதே ஷிப்டு. சிவப்புக் காயை யார் போடுவது என்று இரண்டு பேருக்கும் தகராறு.

"நீ சுண்டாத நைனா. உன் கைக்கு நேரா இல்ல," என்றார் இருதயராஜ்.

"நீ சும்மா குந்து. போன ஆட்டத்துல ஈசியா இருந்தத்தயே வுட்டவன் நீ," என்றான் சம்பந்தம்.

சம்பந்தம்தான் சுண்டினான். காய் விழவில்லை. இருதயராஜ் அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தமும் சிரித்தான்.

வருகைப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். ஒரு நாள் ஒன்பது, ஒரு நாள் பதின்மூன்று. சராசரி பதினொன்று. அன்றைக்கும் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான்.

தாகமாக இருந்தது. மூலையில் ஒரு மண்பானை, மேலே ஒரு அலுமினிய டம்ளர். மொண்டு குடித்தேன். எனக்கு முன்னால் சம்பந்தம் அதில் குடித்தான். எனக்குப் பின்னால் காலனிப் பையன்கள் குடித்தார்கள். திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன் – அப்போதுதான் உறைத்தது. ஒரே டம்ளர். நூறு கஜம் தள்ளி டீக்கடையில் இரண்டு விதக் கிளாஸ்.

இரண்டாவது தடவை மத்தியானம் போனேன். பஸ் சீக்கிரம் வந்துவிட்டது, வேறு காரணம் எதுவும் இல்லை.

வாசலில் செருப்பு ஒன்றும் இல்லை. ஆள் இருக்காது என்று நினைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். கூடம் நிறையப் பெண்கள். தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வானொலியில் மகளிர் நிகழ்ச்சி. பிள்ளைக்கு அம்மை போட்டால் என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்று ஒரு டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். ஒருத்தி புளி ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஒருத்தி மடியில் குழந்தை தூங்கியது. என்னைப் பார்த்ததும் சிலர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஊர்ப் பெண்கள் எழுந்து விடுவிடுவென்று போய்விட்டார்கள். காலனிப் பெண்கள் அன்னம்மாவைப் பார்த்தார்கள்.

"அவங்களும் வருவாங்களா?" என்று கேட்டேன்.

அன்னம்மா மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தார். சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனை.

"வருவாங்க சார். தெனமும். மொதல்ல அவங்க உள்ள குந்துவாங்க, நாங்க வெளிய படில குந்திக்கினு கேப்போம். ஒரு நாளு நல்ல மழ. நாங்க நனஞ்சிக்கினு இருந்தோம். ராஜம்மா அம்மாதான், 'இன்னாத்துக்கு நனயறீங்க, உள்ள வாங்கடி'ன்னாங்க. போனோம். அப்பால மழ வுட்டுட்டுச்சு. நாங்க வெளிய போவல. அவங்களும் போவச் சொல்லல."

"ராஜம்மா யாரு?"

"சம்பந்தத்தோட அம்மா. கோதண்டம் ஐயா தங்கச்சி. புருசன் செத்தப்புறம் அண்ணன் ஊட்லதான் இருக்கறாங்க. நான் அவங்கள அம்மான்னுதான் கூப்புடுவேன். ஒரு நாளு, 'அக்கான்னு கூப்புடு'ன்னாங்க. மன்றத்துல அக்கா சார். தெருவுல பாத்தா அம்மாதான்."

நான் பதிவேட்டை எடுத்தேன். "இவங்க பேரெல்லாம் இதுல இல்லையே."

"பொம்பளைங்க மெம்பரு இல்லியே சார். யாரு எழுதச் சொன்னாங்க?"

பாருங்கள், படிவத்தில் தினசரி வருகை பதினொன்று. கூடத்தில் நாற்பது பேர். பதிவேட்டில் இல்லாத நாற்பது பேர்.

"இதை நான் எழுதினாத்தான்மா மன்றம் நிக்கும். எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "எழுதுங்க சார். பேரு மட்டும் வாணாம். எங்களுக்கு இன்னா... ஊருப் பொம்பளைங்களுக்குத்தான் ஊட்ல பேஜாரு ஆயிடும். ஊரும் காலனியும் ஒண்ணா குந்தறாங்கன்னு எழுதுங்க. அது போதும்."

"எழுதறேன்," என்றேன்.

சொன்னபோது எழுதுவதாகத்தான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அன்றைக்கே கோதண்டம் ஆள் அனுப்பியிருந்தார் – சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று. போனேன். வாழையிலை, பழவேற்காட்டிலிருந்து வந்த இறால், கெட்டித் தயிர். பரிமாறிய அம்மாள் வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். சற்று முன் மன்றத்திலிருந்து எழுந்து போனவர்களில் ஒருவர். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது.

ராஜம்மா.

கோதண்டம் நிதானமாகப் பேசினார். "மன்றத்துக்கு நான் எதிரி இல்ல தம்பி. இஸ்கோலு கூரதான் எனக்கு முக்கியம். நீங்க போயி பாத்தீங்க. உள்ளத உள்ளபடி எழுதுங்க. கூட்டியும் வாணாம், கொறச்சியும் வாணாம்."

"சரிங்க," என்றேன்.

"திருவள்ளூருக்கு டிரான்ஸ்பர் கேட்டுக்கினு இருக்கீங்களாமே? ஊட்ல மாசமா இருக்காங்கன்னு பி.டி.ஓ. சொன்னாரு. சேர்மன் கையில ஒரு வார்த்த சொல்லி வெக்கறேன். இது வேற, அது வேற. ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க."

கை கழுவ அவர் கொல்லைப் பக்கம் போனார். மோர் ஊற்ற வந்த ராஜம்மா குனிந்தபடியே, இலையைப் பார்த்துக்கொண்டே, மெல்லக் கேட்டார். "மன்றத்த மூடிடுவாங்களா தம்பி?"

"இல்லம்மா. மூட மாட்டாங்க."

"நாங்க வர்றது..." என்று ஆரம்பித்தார். அண்ணன் வரும் சத்தம் கேட்டது. மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாக்கியத்தை அவர் எப்படி முடித்திருப்பார்? 'எழுதிடாதீங்க' என்றா, 'எழுதுங்க' என்றா? பத்து வருடமாக யோசிக்கிறேன். அன்று எனக்கு வசதியான விதத்தில் நானே முடித்துக்கொண்டேன்.

அறைக்கு வந்து படிவத்தைப் பூர்த்தி செய்தேன். கட்டடம்: சுமாரான நிலை. பொருள்கள்: வானொலி ஒன்று, காரம் போர்டு இரண்டு, அதில் ஒன்று மூலை உடைந்தது. அங்கத்தினர் எவ்வளவு, வருகை எவ்வளவு – பதிவேட்டில் இருந்தபடி. தினசரி சராசரி பதினோரு பேர்.

இதர விவரங்கள் என்ற கட்டத்துக்கு வந்தேன். பேனா நின்றது.

எழுதினால் என்ன ஆகும்? 'ஊரும் காலனியும் ஒன்றாக உட்காருகிறார்கள்' என்று ஒன்றியக் கூட்டத்தில் உரக்கப் படிப்பார்கள். கோதண்டம் கேட்டுக்கொண்டிருப்பார். எந்த ஊர்ப் பெண் என்று விசாரிப்பார். ராஜம்மாவின் கதி? அந்த அம்மாளுக்கு வேறு போக்கிடம் இல்லை. எழுதாமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது... இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே, திருவள்ளூரில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு தனியாக இருக்கும் என் மனைவியின் முகமும் வந்து வந்து போனது.

பயந்தது ராஜம்மாவுக்காகவா, என் டிரான்ஸ்பருக்காகவா? இரண்டும் கலந்துதான் இருந்தது. எது எத்தனை பங்கு என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

இதர விவரங்கள்: ஒன்றுமில்லை. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அறிக்கையில் ஒரு பொய் கிடையாது. அந்தக் கடைசிச் சொல்லைத் தவிர.

அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேச அவர்கள் கையில் என்ன இருந்தது? பதினோரு பேர்தானே.

மன்றத்துச் சாமான்களைப் பட்டியல் பார்த்து எடுத்துவர என்னையே அனுப்பினார்கள். ஒரு மாட்டு வண்டியோடு போனேன். இருதயராஜ் அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. காரம் போர்டைச் சுவரிலிருந்து இறக்கி, பவுடரைத் துணியால் துடைத்து வண்டியில் வைத்தார். காய்களை எண்ணிக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் கேட்டார்.

"இன்னா சார் எழுதுனீங்க?"

"உள்ளதைத்தான் எழுதினேன்."

"பொம்பளைங்க வர்றது?"

நான் வண்டிக்காரரிடம் கயிற்றை இழுத்துக் கட்டச் சொன்னேன். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது. உள்ளே அன்னம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இனி யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் மூலை முடுக்கெல்லாம் விடாமல் பெருக்கினார். பெருக்கி முடித்துக் கதவைச் சாத்தினார். சாவியை என் கையில் தரவில்லை. வண்டியின் மேல், போர்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது. கோதண்டம் சொன்னதைச் செய்தார். அந்த வருட மழையில் பிள்ளைகள் நனையவில்லை. அது நல்ல காரியம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். மன்றத்துக் கட்டடத்தை உர மூட்டை அடுக்க வாடகைக்கு விட்டார்கள். அதுவும் முறைப்படிதான்.

எனக்கு டிரான்ஸ்பர் வந்தது. பெண் குழந்தை பிறந்தது. கோதண்டம் சேர்மனிடம் சொல்லித்தான் வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை.

ஒரு வருடம் கழித்து, அதே ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர் திருவள்ளூருக்கு வந்தபோது சொன்னார். அந்தக் கிராமத்தில் தகராறு. காலனிப் பையன் ஒருவன் ஊர்த் தெருவில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி ஊர்ப் பையன்கள் மறித்திருக்கிறார்கள். வாய்ச்சண்டை கைகலப்பானது. சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது.

இருதயராஜ், பேசித் தீர்க்கலாம் என்று தனியாகக் கிளம்பியிருக்கிறார் – சம்பந்தத்தைப் பார்க்க. கோதண்டத்தின் வீடு இருக்கும் தெருவுக்கு அவர் அதற்கு முன் போனதே இல்லை. தெருமுனையிலேயே அடித்துவிட்டார்கள். வலது மணிக்கட்டு முறிந்தது. சம்பந்தம் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறான். சத்தம் கேட்டிருக்கும். வெளியே வரவில்லை. வர முடியாதபடி தடுத்தார்கள் என்றும் சொன்னார்கள், அவனே வரவில்லை என்றும் சொன்னார்கள்.

மன்றம் இருந்திருந்தால் அந்தச் சண்டை நடந்திருக்காதா? தெரியாது. நான்கு பேர் காரம் ஆடி நூற்றாண்டுப் பகையைத் தீர்த்துவிட முடியும் என்று சொல்ல நான் அப்பாவி இல்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரியும். ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால், சம்பந்தத்தைப் பார்க்க இருதயராஜ் அந்தத் தெருவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு குடும்பத்தோடு அவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்றார் நண்பர். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு தற்செயலாகப் பார்த்தேன். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் பாசஞ்சரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பொன்னேரி தாண்டியதும் கூட்டம் குறைந்தது. எதிர் பெஞ்சில் ஒரு கணவன், மனைவி. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மன்றத்துக்கு வருவீங்களே..."

தலை நரைத்திருந்தது. மற்றபடி அதே இருதயராஜ். பக்கத்தில் அன்னம்மா. அன்னம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் புதிதாக வந்த ஓர் ஆலையில் கேட் வேலை என்றார். கை பழையபடி கனம் தூக்க விடுவதில்லை. அங்கேயே பக்கத்தில் வாடகை வீடு. ஆலையில் தொழிலாளர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறதாம்.

"அங்கே காரம் உண்டா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கீது சார். நான் ஆடறதில்ல. குந்திக்கினு பாப்பேன். எல்லாரும் ஒண்ணாத்தான் ஆடறாங்க. சங்கு ஊதனா அவங்கவங்க ஊருக்குப் போய் அவங்கவங்க தெருவுல பூந்துக்கறாங்க."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "இருதயராஜ், அந்த ரிப்போர்ட்டு... நான் எழுதியிருக்கணும். எழுதல. தப்பு என்னுதுதான்," என்றேன்.

அவர் கையை அசைத்தார். "வுடுங்க சார். நீங்க எழுதியிருந்தா மட்டும் வுட்டுட்டிருப்பாங்களா? வேற இன்னாத்தையாவது சொல்லி மூடியிருப்பாங்க."

ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரோ. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வண்டி வேகம் குறைந்தது. இருவரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அப்போதுதான் அன்னம்மா என் பக்கம் திரும்பினார்.

"ராஜம்மா அக்காவுக்கு ஒடம்பு சொகமில்லியாம் சார். அன்னம்மா எங்க கீறா, எப்படிக் கீறான்னு கேட்டுக்கினே இருக்காங்களாம். சம்பந்தம் சொல்லி அனுப்புனான்."

"போய்ப் பாத்துட்டு வரலாமே அம்மா. பக்கம்தானே?"

"பக்கந்தான். அவங்க ஊட்டுக்கு நான் போவ முடியாது. என் ஊட்டுக்கு அவங்க வர முடியாது. எங்க சார் குந்திப் பேசறது?"

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது போல் கேட்டார். வண்டி நின்றது. இறங்கிப் போய்விட்டார்கள்.

அந்த மன்றத்தால் என்ன பயன் என்று அரசாங்கம் என்னைத்தான் கேட்டது. எழுத வேண்டிய பதில் அன்னம்மாவின் அந்த ஒரு கேள்விதான் – பத்து வருடம் தாமதமாக, இந்தத் தடவை யாரிடமும் படிவம் வாங்காமல் எழுதியிருக்கிறேன்.